அப்போது தெரியாது

பள்ளிப் படிப்பை முடித்து நாற்பது வருஷங்கள் கழித்து ஒருவன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் ஒன்று அவன் வாயில் வருகிறது. 'எல்லாம் விதிப்படி நடந்தது' என்பது ஒன்று. 'நானாக முட்டி மோதி மேலே வந்தேன்' என்பது மற்றது. முதலாவதைச் சொல்கிறவன் தோற்றவன் என்றும், இரண்டாவதைச் சொல்கிறவன் ஜெயித்தவன் என்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். சற்று நின்று பார்த்தால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்வது தெரியும். நடந்து முடிந்த ஒன்றின்மீது, அது நடந்து முடிந்துவிட்டது என்ற காரணத்தாலேயே, ஒரு அவசியத்தை இரண்டும் ஏற்றிவிடுகின்றன. விதியை நம்புகிறவன் வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்கிறான். சாதனையை நம்புகிறவன், தன்னைப் போன்ற ஒருவனுக்கு வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்கிறான். இரண்டிலும் அந்தப் பதினேழு வயதுப் பையன் காணாமல் போகிறான். அவன் முன் எது திறந்திருந்தது, எது மூடியிருந்தது, யார் மூடினார்கள் என்ற கேள்விகளும் அவனோடு போய்விடுகின்றன.

மூன்றாவதாக ஒரு வாக்கியமும் உண்டு. மற்ற இரண்டையும்விடச் சிறியது, அடக்கமானது. அதனாலேயே சந்தேகத்துக்கு ஆளாகாமல் தப்பித்துவிடுவது. 'அப்போது தெரியாது.' இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

திரும்பிப் பார்க்கிறவன் கையில் சாட்சியமாக இருப்பவை மிகக் குறைவு. ஒரு தலைமுறைக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்றுதான் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், ஜாதி, பிறந்த தேதி, அங்க அடையாளங்கள்: இடது முழங்கையில் ஒரு மச்சம், வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. பிறந்த தேதி பல பேருக்கு, பள்ளியில் சேர்க்க வந்த அன்று தலைமையாசிரியர் கணக்குப் பார்த்துப் போட்டது. ஜூன் மாதத்துக்குள் ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதால் எத்தனையோ பேர் மே மாதத்தில் பிறந்துவிட்டார்கள். அந்தத் தேதிதான் வேலைக்கான வயது வரம்பைத் தீர்மானித்தது. ஓய்வு பெறும் நாளையும் அதுவே தீர்மானிக்கிறது. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. புத்தகத்தில் 1965 என்று எழுதப்பட்டவர் 2025-ல் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தேதி பொய், விளைவுகள் மெய். நினைவும் ஏறக்குறைய இந்தத் தலைமையாசிரியரைப் போலத்தான் வேலை செய்கிறது. பின்னால் எது தேவைப்படும் என்று பார்த்து, அதற்குத் தோதான ஒரு ஆரம்பத்தை எழுதிக்கொடுத்துவிடுகிறது.

பழைய மாணவர் சந்திப்புகள் இன்று ஊருக்கு ஊர் நடக்கின்றன. வாட்ஸ்ஆப் குழு ஒன்று உருவாகிறது. தேடிப்பிடித்து எண்களைச் சேர்க்கிறார்கள். பழைய வகுப்பறையில் வயதான ஆசிரியர் வருகைப் பதிவேடு வாசிக்கிறார். அறுபதை நெருங்கியவர்கள் 'உள்ளேன் ஐயா' என்கிறார்கள். பொன்னாடை, பிரியாணி, குரூப் போட்டோ. இதைக் கேலி செய்வது சுலபம். அந்த நாளில் மெய்யான சந்தோஷம் இருக்கிறது, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு விசாரணைக்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண்கள், கட்டணம் கட்ட வழியில்லாமல் பாதியில் நின்றவர்கள், செத்துப்போனவர்கள் ஆகியோர் இல்லாததால்தான் அந்தப் புகைப்படம் அவ்வளவு நிறைவாக இருக்கிறது. கடலூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் இப்படிப் பெயர் கூப்பிட்டால், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களும் பதிவேட்டில் இருக்கலாம். அங்கே வாசிப்பவர் குரல் ஒரு கணம் நிற்கும். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

கடலூர்க்காரர்கள் பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறவர் ஜெயகாந்தன். 1934-ல் கடலூரில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. 2002-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். இதிலிருந்து 'படிப்பில் என்ன இருக்கிறது' என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற மற்ற லட்சக்கணக்கான பேரை இந்த நியாயம் பார்ப்பதில்லை. வெற்றி, தனக்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் தனக்கான தயாரிப்பாக மாற்றிவிடும் சக்தி வாய்ந்தது. இந்தச் சக்தியைத்தான் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976-ல் ஒரு கட்டுரையில் பரிசீலித்தார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் தீட்டத் தஹிதித் தீவுக்குப் போன கோகனை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அந்த மனிதன் செய்தது சரியா என்பது புறப்பட்ட அன்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. ஓவியங்கள் எப்படி அமைந்தன என்பதைக் கொண்டு பின்னால்தான் அது நிர்ணயமாகிறது. அப்படியானால் ஒழுக்கத்திலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டா? தாமஸ் நேகல் இதற்கு எழுதிய பதிலில் இன்னும் கூர்மையான ஒரு இடத்துக்குப் போனார். நாஜிகள் ஆட்சிக்கு வராமல் இருந்திருந்தால், வதைமுகாமில் அதிகாரியாக இருந்தவன் சாதுவான ஒரு குடிமகனாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். வியாபார நிமித்தம் 1930-ல் அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சாதுவாக வாழ்ந்தவன், போகாமல் இருந்திருந்தால் அந்த அதிகாரியாகியிருக்கலாம்.

இந்த வாதங்கள் எல்லாம் தனிமனிதனை மையத்தில் வைத்துக்கொண்டு சந்தர்ப்பத்தைச் சுற்றிலும் வைக்கின்றன. சந்தர்ப்பம் காற்றடிப்பதுபோலத் தானாக வருகிறது என்ற பாவனை அதில் இருக்கிறது. ஆனால் சில ஊர்களில் சந்தர்ப்பத்துக்கு ஒரு தேதியும், ஒரு கோப்பும், ஒரு வேலிச்சுவரும் உண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் குடிகாடு அப்படியான ஒரு ஊர்.

தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் — சிப்காட் — 1971-ல் தொடங்கப்பட்டது. எண்பதுகளில் கடலூர் சிப்காட் வளர்ந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், காரைக்காடு போன்ற ஊர்கள் ஒரு பக்கம் உப்பனாறும் மறுபக்கம் தொழிற்சாலைகளுமாக ஆயின. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் ஆகியவற்றுக்கான ரசாயனங்கள் அங்கே தயாராயின. அதே காலத்தில் பள்ளிப் படிப்பின் அமைப்பும் மாறியிருந்தது. 1978-ல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பத்தும் அதற்குமேல் இரண்டுமாக ஆயிற்று. 1980-ல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. ஆக, இந்த ஊர்களில் பிளஸ் டூ முடித்த முதல் சில அணிகளும் அந்தத் தொழிற்சாலைகளும் ஏறக்குறைய சம வயதினர்.

அப்படி ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். 1983-ல் பிளஸ் டூ முடிக்கிறான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1929-லிருந்து இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பஸ் கட்டணத்துக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் இடையில் உள்ள தூரம் கிலோமீட்டரில் அளக்கக்கூடியது அல்ல. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்கிறான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தொழிற்சாலை வந்திருக்கிறது. தினக்கூலிக்குச் சேர்கிறான். 'கம்பெனி வேலை' என்று ஊரில் ஒரு மதிப்பு. 'கெமிக்கல்' என்ற சொல்லுக்கு அன்று ஒரு நவீன வாசனைதான் இருந்தது. பள்ளியில் அது ஒரு பாடத்தின் பெயர்.

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். வேலிச்சுவரை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்களே முதலில் செத்தார்கள். செய்தி ரேடியோவிலும் பத்திரிகையிலும் வந்தது. குடிகாட்டில் டீக்கடைப் பத்திரிகையில் அதைப் படித்தவனுக்கு, தன் வீட்டுக்கும் அந்தக் குடிசைகளுக்கும் உள்ள ஒற்றுமை புலப்பட்டிருக்குமா? புலப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். மறுநாள் ஷிஃப்டுக்குப் போயிருப்பான் என்றும் நினைக்கிறேன்.

இங்கேதான் 'அப்போது தெரியாது' என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றுபோல் ஒலித்தாலும் அதில் குறைந்தது நான்கு அர்த்தங்கள் இருக்கின்றன. யாருக்குமே தெரியாது என்பது முதல் அர்த்தம். சிலருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது இரண்டாவது. எங்களுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் தெரிந்து என்ன செய்ய என்பது மூன்றாவது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது என்பது நான்காவது. முதலாவதில் குற்றவாளி இல்லை. இரண்டாவதில் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். மூன்றாவதில் குற்றத்தின் இடத்தில் நிர்ப்பந்தம் இருக்கிறது. நான்காவது மட்டுமே சொல்பவனைத் தொடுகிறது. திரும்பிப் பார்க்கிறவன் இந்த நான்கையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டு மூடிவிடும்போது, தனக்குத் தேவையான மன்னிப்பை எடுத்துக்கொள்வதோடு, அதைப் பெறத் தகுதியில்லாத வேறு பலருக்கும் சேர்த்து வழங்கிவிடுகிறான்.

ஒரு பொருளைத் தயாரிக்கிறவனுக்கு அதன் குணம் தெரியும். எந்தத் திரவம் எந்தச் சூட்டில் ஆவியாகும், மூக்கில் ஏறினால் என்ன செய்யும் என்பது வாங்கி வரும் பீப்பாயின் காகிதத்திலேயே இருக்கிறது. அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கும் அது தெரியும். தெரிந்திருக்க வேண்டியது அதன் உத்தியோகம். ஆகவே 'அப்போது யாருக்குத் தெரியும்' என்று குடிகாட்டுக்காரர் ஒருவர் பெருந்தன்மையோடு சொல்லும்போது, அவர் சொல்வது உண்மையல்ல. அந்த அறியாமை சமமாகப் பங்கிடப்படவில்லை. வேலிக்கு ஒரு பக்கம் அறிவும் மறுபக்கம் நாற்றமும் இருந்தன.

மூன்றாவது அர்த்தம் இன்னும் சிக்கலானது. 'தெரியும், ஆனால் வழியில்லை' என்று சொல்வதைவிட 'தெரியாது' என்று சொல்வது மனிதனுக்குச் சுலபமாக இருக்கிறது. அறியாமையில் அவமானம் குறைவு. கையாலாகாத்தனத்தை ஒப்புக்கொள்வதில், அதுவும் பெற்ற பிள்ளையிடம் ஒப்புக்கொள்வதில், அவமானம் அதிகம். இப்படித்தான் ஒரு தலைமுறை தன் நிர்ப்பந்தத்தை அறியாமையாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. அதன் விலை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அறியாமை என்றால் பாடம் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும். நிர்ப்பந்தம் பாடத்தால் தீராது.

வாழ்வதன் திசையும் புரிந்துகொள்வதன் திசையும் எதிரெதிரானவை என்ற கீர்க்கேகார்டின் சிந்தனை பலருக்கும் பரிச்சயமானது. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள்: வயதானால் எல்லாம் புரிந்துவிடும் என்று. அவர் 1843-ல் தன் குறிப்பேட்டில் போன திசை வேறு. காலத்துக்குள் இருக்கிறவனுக்கு நின்று திரும்பிப் பார்க்க அசைவற்ற ஒரு இடம் கிடைப்பதில்லை. எனவே அந்தப் புரிதல் முழுமையாவதே இல்லை என்பதே அவர் சென்று சேர்ந்த முடிவு. அறுபது வயது என்பதும் ஒரு மேடு அல்ல, இன்னொரு பள்ளம்தான். சிதம்பரத்தில் வாழ்ந்து 1985-ல் மறைந்த மௌனியின் கதைகளைப் படிக்கிறவனுக்கு இது புதிதல்ல. அவற்றில் நினைவு எதையும் தெளிவாக்கித் தருவதில்லை, நினைப்பவனையே நிச்சயமற்றவனாக்கிவிடுகிறது.

நினைவுக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் தொலைக்காட்சி 1964-ல் ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரைப் படம் பிடித்தது. மைக்கேல் ஆப்டெட் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அவர்களிடம் திரும்பிப் போனார்; 2019-ல் அவர்களுக்கு அறுபத்து மூன்று வயதானபோது எடுத்ததே அவர் முடித்த கடைசிப் படம், 2021-ல் அவர் இறந்தார். அந்தப் பதினான்கு பேரால் 'நான் சிறுவயதிலேயே இப்படித்தான் நினைத்தேன்' என்று எதையும் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது, படச்சுருள் இருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சியும் கறையற்றதல்ல. பதினான்கு பேரில் பெண்கள் நான்கு பேர்தான். லண்டனின் கிழக்குப் பகுதிப் பையன் ஒருவன் குற்றவாளியாகத்தான் வருவான் என்று எதிர்பார்த்து, அவனது இருபத்தொன்றாம் வயதில் அதற்குத் தோதான தெருக்களில் அவனை வைத்து இயக்குநர் படம் எடுத்துவைத்தார். அவன் டாக்சி ஓட்டிப் பிழைத்து, குடும்பஸ்தனாக வாழ்ந்தான். முன்கூட்டி எழுதப்பட்ட முடிவுக்கு அவன் கட்டுப்படவில்லை.

குடிகாட்டுக்கு அப்படி யாரும் காமிரா கொண்டுவரவில்லை. ஆனால் 2004-ல் அங்கே வேறொரு காரியம் நடந்தது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, நாற்றம் வரும்போதெல்லாம் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, எது போன்ற நாற்றம், உடம்பில் என்ன செய்தது. ரசாயனத்தின் பெயர் தெரியாததால் வீட்டிலும் தெருவிலும் பழகிய வாசனைகளின் பெயரைக் கொண்டு எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய பைக்குள் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பைகளில் இருந்தவற்றுக்கு ஆய்வகம் பெயர் சொன்னது. புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் இருந்தன. பின்னர் நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் அந்தக் காற்றினால் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று கணித்தது.

தத்துவ ரீதியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குறிப்பேடு. அது திரும்பிப் பார்த்து எழுதியது அல்ல. நாற்றம் மூக்கில் இருக்கும்போதே எழுதியது. விளைவு என்னவென்று தெரியாமல், யார் படிப்பார்கள் என்று தெரியாமல், தெரிந்ததை மட்டும் தெரிந்த அன்றே எழுதிவைத்தது. அதற்குப் பிறகு 'அப்போது தெரியாது' என்று சொல்லும் வசதி யாருக்கும் — கம்பெனிக்கோ, அலுவலகத்துக்கோ, எழுதியவருக்கோகூட — இல்லாமல் போய்விட்டது. அறியாமைக்கு ஒரு முடிவுத் தேதியைப் போட்டுவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தலைமையாசிரியர் போட்ட தேதிபோல அல்ல இது; அவர்களே பார்த்து, அவர்களே போட்டது.

நாம் கற்பனை செய்த அந்த மனிதனுக்கு இப்போது அறுபது வயது. பிளஸ் டூ முடித்த மகள் கேட்கிறாள்: "ஏம்ப்பா, அது உடம்புக்குக் கெடுதல்னு உங்களுக்கு அப்பவே தெரியாதா?" பாதகமில்லாத பதில் ஒன்று நாக்கின் நுனியில் தயாராக இருக்கிறது. அதைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவள் கேட்பது தகப்பனைத் தண்டிக்க அல்ல. அவளுக்கு முன்னாலும் ஏதோ ஒரு வேலிச்சுவர் எழும்பிக்கொண்டிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு கெட்ட பெயர் வரவில்லை, நவீனமான ஒரு பெயர்தான் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது, தெரிவதும் தெரியாமலிருப்பதும் ஒரு மனிதனுக்குள் எப்படி நிகழ்கின்றன என்ற தகவல். சேர்ந்த அன்று தெரியாது. போபாலுக்குப் பிறகு சந்தேகம் இருந்தது. சட்டையை மோந்து பார்த்து உன் அம்மா கேட்டபோது தெரிந்தது. விட்டுவிட்டால் சோற்றுக்கு வழியில்லை. மேஸ்திரி ஆனபிறகு வழி இருந்தது, ஆனாலும் விடவில்லை. இவ்வளவும் உண்மையாக இருக்கலாம், ஒன்று மற்றதைப் பொய்யாக்காமல்.

இப்படிச் சொல்வது பச்சாத்தாபம் அல்ல, தன்னிரக்கமும் அல்ல. தன் பதினேழு வயதைத் தண்டிக்கவும் தேவையில்லை, அணைத்துக்கொள்ளவும் தேவையில்லை. இன்றைய அறிவை அவனுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு, 'ஏன் பயன்படுத்தவில்லை' என்று அவனைக் கேட்பது அநியாயம். அன்று அவனிடம் உண்மையிலேயே இருந்த சிறிய அறிவைப் பிடுங்கிக்கொண்டு, அவனை வெறும் அப்பாவியாக்குவதும் அதே அளவு அநியாயம். அவனிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவை அவன் கையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

விதி என்கிறவனும் சாதனை என்கிறவனும் கணக்கை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கணக்கு முடியவில்லை. தொழிற்பேட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. காற்று ஆற்றுப்பக்கம் திரும்புகிற இரவுகளும் இருக்கின்றன. வருஷா வருஷம் ஒரு அணி பிளஸ் டூ முடித்து அந்தச் சாலையில் நின்று, கடலூருக்கா சிதம்பரத்துக்கா என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. நாற்பது வருஷம் முன்னால் அதே இடத்தில் நின்றவர்கள் அவர்களுக்குச் சொல்லக்கூடியது புத்திமதி அல்ல. எது தெரியும், எது தெரியாது, எது மறைக்கப்பட்டது, எதைத் தாங்களே பார்க்க மறுத்தார்கள் என்று தேதி வாரியாகச் சொன்னால் போதும்.